இந்த பீரில் சிரப் ஊற்றப்படாது

அர்த்தநாரிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. ‘ங்க’தான் ஏறும். சாதாரண நாளில் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போடுகிற மனுஷன், கோபம் வந்துவிட்டால் வார்த்தைக்கு வார்த்தை போடுவார். திருப்பூர் சாயப்பட்டறையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நாலு ‘ங்க’ சேர்ந்து வந்தால் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்று.

அந்த சனிக்கிழமை பெர்லினில், மரத்தடியில் மேசை போட்டு பீர் விற்கும் நிரோஜாவின் பீர்த் தோட்டத்தில், ‘ங்க’ மழையாகக் கொட்டியது.

நிரோஜா குரு. அர்த்தநாரி சீடர். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு நாற்பத்தெட்டு. அவள் பருத்தித்துறைக்காரர்களின் மகள். பெர்லினிலேயே பிறந்து, அந்த ஊரின் புளித்த கோதுமை பீர் காய்ச்சுவதில் மாஸ்டர் பட்டம் வாங்கியவள். அவரோ, மனைவிக்குக் கிடைத்த வேலையின் பின்னால் பெர்லின் வந்து சேர்ந்தவர். “பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கறான்” என்று ஊரில் பேசுவது அவர் காதுக்கு இங்கே வரைக்கும் கேட்டது. அந்த ரோஷத்தில்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அவள் அவரை ‘அண்ணை’ என்பாள். அவர் அவளை ‘மாஸ்டர்’ என்பார்.

நிரோஜாவுக்கு முன்னாலிருந்தே அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தன் கையால் காய்ச்சிய முதல் பீப்பாயைக் கோடையில் ஒரு சனிக்கிழமை தோட்டத்தில் திறக்க வேண்டும். குழாயடியில் அவரே நின்று ஊற்ற வேண்டும். கடை அடைப்பதற்குள் பீப்பாய் காலியானால் நிலவறைச் சாவி அவர் கைக்கு வரும். அதற்குப் பிறகு தன் பெயரிலேயே பீர் காய்ச்சலாம். மிஞ்சினால் சாவி கிடையாது. இன்னொரு வருஷம் எடுபிடி வேலைதான்.

இது நம் ஆட்கள் நினைக்கிற பீர் இல்லை. புளிக்கும். முந்தாநாள் மோர் தோற்றுப்போகும், அப்படிப் புளிக்கும். பெர்லின்காரர்கள் இதை அகலமான கிண்ணம் மாதிரி ஒரு கிளாஸில் வாங்கி, அதில் சிரப் ஊற்றச் சொல்லி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவார்கள். சிவப்பு சிரப் என்றால் ராஸ்பெரிப் பழம். பச்சை என்றால் ஏதோ காட்டு மூலிகை. கடைக்காரர் “சிவப்பா, பச்சையா?” என்று கேட்பதுதான் ஊர் வழக்கம்.

அர்த்தநாரிக்கு அந்த ஸ்ட்ராவைக் கண்டாலே வயிறு எரியும். “இதென்ன இளநிக் கடைங்களா?” என்பார்.

அதனால் அன்று காலையிலேயே சிரப் பாட்டில்களை எல்லாம் உள்ளே தூக்கி வைத்துவிட்டு, குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்தார். ‘இந்த பீரில் சிரப் ஊற்றப்படாது’ என்று ஜெர்மனில், கொட்டை எழுத்தில்.

நிரோஜா பலகையைப் படித்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

மதியம் ஆட்கள் வந்தார்கள். பலகையைப் பார்த்தார்கள், தோளைக் குலுக்கிக்கொண்டு வெறும் பீர் வாங்கினார்கள். ஒரு வாய் குடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார்கள். பிரமாதம் என்றார்கள். தாடி வைத்த ஒருவர் குழாயடிக்கே வந்து கை கொடுத்தார். அர்த்தநாரிக்குத் தலைகால் புரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்களே, இங்கே ஊரே வந்து பொன் என்கிறது, கேட்கவா வேண்டும்.

அப்போதுதான் லெம்கே அம்மா வந்தாள். எழுபது தாண்டியவள். சனிக்கிழமை தவறாமல் சீட்டுக் கூட்டாளிகளோடு வந்து, செர்ரி மரத்தடி மேசையில் உட்கார்ந்து விளையாடுகிறவள்.

“ஒரு சிவப்பு குடுப்பா.”

“இன்னைக்கு சிவப்பு இல்லீங்க. பலகையைப் பாருங்க.”

“கண்ணாடி கொண்டுவரல. என்ன எழுதியிருக்கு?”

அர்த்தநாரி படித்துக் காட்டினார். கொஞ்சம் சத்தமாகவே.

“அப்படியா. சரி, பச்சை குடு.”

சீட்டு மேசையில் சிரிப்பு எழுந்தது. அர்த்தநாரி சிரிக்கவில்லை.

“பச்சையும் சிரப்தானுங்க.”

“காசு குடுக்கிறது நான். குடிக்கிறதும் நான். உனக்கு என்ன வந்தது?”

“காய்ச்சிப் புளிக்க வெச்சது நானுங்க. ஒன்றரை வருஷமுங்க. அதுல போயி சக்கரைத் தண்ணிய ஊத்தச் சொல்றீங்களேங்க. உங்களுக்கு இனிப்புத்தானுங்க வேணும்னா, முக்குல சோடாக் கடை இருக்குதுங்க. அங்க போயி உறிஞ்சிக்குங்க.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லையே.

லெம்கே அம்மா மேசையில் கழற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். “உன் மாஸ்டர் பிறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இங்க வர்றேன். என்னைப் போன்னு யாரும் சொன்னதில்ல” என்றாள். போய்விட்டாள். சீட்டுக் கட்டை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு கூட்டாளிகளும் பின்னாலேயே போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்து அடுத்த மேசை எழுந்தது. சாயங்காலத்துக்குள் தோட்டத்தில் ஆளே இல்லை.

அர்த்தநாரி பீப்பாயைத் தட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் கிடந்தது.

நிரோஜா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சாவி இண்டைக்கு இல்லை, அண்ணை.”

தெரிந்த விஷயம்தான். ஆனால் காதால் கேட்டபோது பொறுக்க முடியவில்லை. ஊருக்கு போன் பண்ணி என்ன சொல்வது? மனைவி இந்நேரம் கேசரி கிண்டி வைத்திருப்பாள்.

“நாக்கு செத்த சனமுங்க மாஸ்டர். நல்ல சரக்கு எதுன்னே தெரியாத சனமுங்க. அந்தப் பொம்பளையாலதானுங்க எல்லாம் போச்சுங்க.”

“லெம்கே அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ. எனக்கு இப்ப சரியான கோவம்.”

அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. ஆனால் வேகம் அடங்கவில்லை.

“உங்களுக்குக் கோவமுங்களா? எனக்குமுங்க. ஒரே ஒரு பதில் சொல்லுங்க. நாலு வருஷமா கேக்கறனுங்க, நீங்களும் நழுவிட்டே இருக்கறீங்க. இதுல சிரப் ஊத்தலாமுங்களா, கூடாதுங்களா?”

நிரோஜா செர்ரி மரத்தடியில் லெம்கே அம்மா உட்காரும் நாற்காலியைக் காட்டினாள்.

“அந்த மனிசியின்ரை கதிரையில இருங்கோ.”

“எதுக்குங்க?”

“இருங்கோ.”

உட்கார்ந்தார். அவள் அவருடைய பீப்பாயிலிருந்தே ஒரு கிளாஸ் நிறையப் பிடித்து வந்து முன்னால் வைத்தாள்.

“உங்கட பியரை ஒரு முழு கிளாஸ் எப்ப குடிச்சனீங்கள்?”

“தெனமும் காலைல ருசி பாத்தனுங்களே.”

“ஒரு வாய் எடுத்து, உருட்டி, வாளியில துப்பினியள். நான் குடிச்சதைக் கேட்டனான்.”

அர்த்தநாரி கிளாஸை எடுத்தார்.

முதல் வாய் அமிர்தம். அதுதான் அவருக்குத் தெரியும், ஒன்றரை வருஷமாக அந்த முதல் வாயைத்தான் அவர் காய்ச்சிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாயில் பல் கூசியது. பாதி கிளாஸில் அடிவயிறு என்னவோ செய்தது. மீதியை வீம்புக்குக் குடித்தார். குடித்து முடித்து கிளாஸை மேசையில் டக்கென்று வைத்தார்.

“பாத்தீங்களா? சிரப் இல்லாம முழுசாக் குடிச்சனுங்க.”

நிரோஜா கிளாஸை எடுத்துப் போய், அலசி, திரும்ப நிறைத்து வந்து வைத்தாள்.

“இது எதுக்குங்க?”

“லெம்கே அம்மா ஒரு பின்னேரத்துக்கு மூண்டு குடிப்பா.”

அர்த்தநாரி கிளாஸை உதடு வரைக்கும் கொண்டுபோனார். வாய் திறக்க மறுத்தது. கீழே வைத்தார். எதிரே இருக்கிறவளைப் பார்க்கப் பிடிக்காமல் தோட்டத்தைப் பார்த்தார். மேசைகளில் கிளாஸ்கள் அப்படியே நின்றிருந்தன. எல்லாவற்றிலும் பாதி மீதி. சிலதில் முக்கால். கை கொடுத்த தாடிக்காரர் உட்கார்ந்திருந்த மேசையில் முழு கிளாஸே இருந்தது, அதில் ஒரு குளவி மிதந்தது.

அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் சும்மா இருக்கிற ஆளா அவர். அதையும் கோபமாகவே ஆக்கிக்கொண்டார்.

“அப்ப என்ர பீரு மோசம்ங்கறீங்க. அதை நேராச் சொல்லீருங்க.”

“நல்ல பியர்.”

“எனக்காகச் சொல்லாதீங்க.”

“என்ரை முதல் பீப்பாயை விட நல்லம். பொய் சொல்ல எனக்கு என்ன தேவை?”

“நல்ல பீரு. சரிங்க. அப்புறம் எதுக்குங்க அதுல சிரப்பை ஊத்தி நாசம் பண்ணோணும்?”

நிரோஜா எழுந்து உள்ளே போனாள். சிவப்பு சிரப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஊற்றவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

அர்த்தநாரி பாட்டிலைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஊத்தோணும்ங்கறீங்க.”

“நான் ஒண்டும் சொல்லேல்லை.”

“சொல்லவே வேண்டாமுங்க. தெரியுதுங்க. இருங்க, இது எப்படி நாசமாப் போகுதுன்னு நானே காட்டறனுங்க.”

மூடியைத் திருகி எறிந்தார். அளவு பார்க்கவில்லை, சரித்தார். நுரை ரோஜா நிறமானது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, பெற்ற பிள்ளைக்கு யாரோ சாயம் பூசிவிட்ட மாதிரி. ஒரு வாய் குடித்தார்.

“தித்திப்புங்க. திருவிழா ஐஸுங்க இது.”



இன்னும் என்னென்ன கெட்டிருக்கிறது என்று அடுக்கிச் சொல்வதற்காக மறுபடி ஒரு வாய் குடித்தார். தித்திப்புக்குப் பின்னால் புளிப்பு மெல்ல வந்தது. இதை எப்படித் திட்டுவது என்று யோசிக்க இன்னொரு வாய். அதற்கும் பின்னால் கோதுமை வாசம், புது ரொட்டியைப் பிட்டால் வருமே, அது. இல்லை, இருக்காது, சிரப்பின் வேலையாக இருக்கும் என்று சந்தேகம் தீர இன்னும் கொஞ்சம். நாக்கைச் சுழற்றினார். குடித்தார். முறைத்தார். மறுபடி குடித்தார். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பிறகு கிளாஸை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சொல்லுங்க மாஸ்டர். ஒன்றரை வருஷமுங்க. கொழந்தையாட்டம் பாத்தனுங்க. இதுல என்ர பீரு எங்கீங்க? எங்க போச்சுங்க?”

நிரோஜா அவர் கையிலிருந்து கிளாஸை வாங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். அடியில் ரோஜா நிற நுரை மட்டும் ஒட்டியிருந்தது.

“குடிச்சிட்டியள், அண்ணை.”