பத்தாயிரம் பேருக்கும் ஒரே பதில்

"டீச்சர், பத்தாயிரம் பேரை அனுப்பிப் பார்த்துட்டேன். ஒருத்தருக்குக்கூடப் பதில் வராமப் போகலை!"

சவரிமுத்து மூச்சு வாங்க வந்து நின்றார்.

கண் மருத்துவமனையின் புதிய டோக்கன் செயலியை எழுதியவர் அவர்தான். பதினெட்டு வருடம் மருந்துக் கவுண்ட்டரில் நின்றவர்; நாற்பத்தெட்டு வயதில் கணினி கற்க உட்கார்ந்தவர். கற்றுக்கொடுத்த தில்லைநாயகி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

திங்கட்கிழமை இலவச முகாம். அறுநூறு பேர் வருவார்கள்.

போன முகாமில் பழைய செயலி காலையிலேயே படுத்துவிட்டது. எழுபது பேர் அறுவை சிகிச்சை இல்லாமலே பஸ் ஏறிப் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை. அந்த வரிசை சவரிமுத்துவின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதனால்தான், புதிய செயலி கூட்டத்தைத் தாங்குமா என்று பார்க்க, வாடகைக்கு எடுத்த வெளியூர்க் கணினிகளிலிருந்து பத்தாயிரம் போலி நோயாளிகளைச் செயலிக்கு அனுப்பியிருந்தார்.

"பதில் எவ்வளவு நேரத்துல வந்தது, அண்ணே?"

"கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள!"

"நம்ம செயலி அவ்வளவு சுறுசுறுப்பா?"

"எழுதினது யாரு?"

தில்லைநாயகி சிரிக்கவில்லை.

"பதில்ல என்ன இருந்தது?"

அதை அவர் படிக்கவில்லை. பதில் வந்ததா என்று மட்டும்தான் எண்ணியிருந்தார்.

இப்போது படித்தார்.

'உள்ளே வர அனுமதி இல்லை.'

அடுத்ததைத் திறந்தார். அதே வரி. பத்தாயிரமும் அதே வரி.

பதில் சொன்னது ஃபயர்வால். வெளியாரிடமிருந்து மருத்துவமனைக் கணினிகளைக் காக்கும் அரண். ஒரு ஆள் வந்ததுகூடச் செயலிக்குத் தெரியாது.

"கேட்லயே வாட்ச்மேன் எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டார். டாக்டர் நல்லாப் பார்த்தார்னு நீங்க எழுதிக்கிட்டு வந்துட்டீங்க."

சவரிமுத்து தலையைச் சொறிந்தார்.

"அப்படின்னா ஒரு மணி நேரம் ஃபயர்வாலைத் திறந்துவிடச் சொல்லுங்க, டீச்சர்."

சவரிமுத்துவின் கையிலிருந்த லேப்டாப்பை வாங்கிக்கொண்டு தில்லைநாயகி நடந்தார். சவரிமுத்து பின்னாலேயே ஓடினார்.

டோக்கன் கூடம். மாலை நேரம். நோயாளிகள் எல்லாரும் போயிருந்தார்கள்.

லேப்டாப்பைக் காலி பெஞ்சின்மேல் வைத்தார் தில்லைநாயகி. ஃபயர்வாலுக்கு உள்ளேயே ஓடும் மருத்துவமனைக் கேபிளைச் சுவரிலிருந்து இழுத்து அதில் செருகினார்.

"திங்கட்கிழமை நோயாளிங்க எங்க உட்காருவாங்க?"

"இங்கதான்."

"நீங்களும் உட்காருங்க."

போய்விட்டார்.

சவரிமுத்து கேபிளைப் பார்த்தார். கூடத்தைப் பார்த்தார். பிறகு, போலி நோயாளிகளை அங்கிருந்தே அனுப்பத் தொடங்கினார்.

நூறு பேர். நூற்றைம்பது. இருநூறு.

திரை உறைந்தது.

தொங்கிய முகத்தோடு தில்லைநாயகியின் அறைக்குப் போனார்.

"டீச்சர், இருநூத்திப் பன்னெண்டாவது ஆள்கிட்ட படுத்துடுச்சு."

தில்லைநாயகி முதல் தடவையாகச் சிரித்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை, அண்ணே?"

"வியாழ..."

அவர் முடிக்கவில்லை. முகாமுக்கு முன் செயலியைச் சரிசெய்ய இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் கூடத்தை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்.