சுனைக்கு முதுகு காட்டிய காவலர்கள்

அந்தக் காட்டில் இரண்டு சுனைகள் இருந்தன. மலையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அடியில் கிடக்கும் மணலை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு! காட்டின் கண்கள் என்றே விலங்குகள் அவற்றைச் சொல்லும்.

காவல் செந்நாய்களுடையது. சுனைக்கு முதுகைக் காட்டி, வெளியே பார்த்தே நிற்பது அவற்றின் வழக்கம். தண்ணீரில் கால் வைப்பதே இல்லை. கலங்கிவிடும் அல்லவா? அதனால் உள்ளே வசித்த கண்ணாடி மீன்களை எந்த நாயும் பார்த்ததில்லை. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருந்தவை அந்த மீன்கள்தான்.

ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று இடச்சுனையின் கரையை இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தது. செந்நாய்த் தலைவன் துடியன் பாய்ந்தான். கூட்டமும் பாய்ந்தது. பன்றி தப்பி ஓடிவிட்டது. அத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் தன் கால்களுக்கிடையே ஏதோ மினுமினுப்பதைத் துடியன் பார்த்துவிட்டான். முகம் தெரியாதவன் எதிரி, அவன் படித்த பாடம் அது ஒன்றுதான்.

"பன்றி தன் ஆட்களை இங்கே விட்டுப் போயிருக்கிறது. ஒருவரையும் விடாதீர்கள்" என்றான்.

தாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று மீன்கள் கெஞ்சின. யார் கேட்டது? மாலைக்குள் மீன்களும் இல்லை, தெளிவும் இல்லை. வெறும் சேறு.

துடியனுக்கு அதுவும் போதவில்லை. வலச்சுனையிலும் இவர்கள் ஒளிந்திருப்பார்கள் என்று படையோடு கிளம்பினான். ஒரு கல்கூட விழாத சுனை அது. காட்டுக்கு மிஞ்சியிருந்த ஒரே தண்ணீர்.

அங்கே குடியிருந்த ஆமை, சேறும் இரத்தமுமாக வந்தவர்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு வழியில் நின்றது.

"கொல்வதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே பார், அண்ணா" என்றது.

துடியன் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். விழுந்த தூசியையும் பாசியையும் மீன்கள் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. அவை போன இடமெல்லாம் தண்ணீர் தெளிந்தது. அவற்றின் உடல் வழியாகவே அடிமணல் தெரிந்தது. வானம் முழுவதும் அந்தச் சின்னச் சுனைக்குள் அடங்கியிருந்தது! இத்தனை காலம் இதையா காத்தோம் என்று வியந்தான். இப்படியொரு அதிசயத்தைத் தன் பல்லாலேயே அழித்துவிட்டோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

எதிரி எங்கே என்று பின்னால் படை உறுமியது.

"எதிரி இல்லை. எல்லாரும் படுங்கள்" என்றான் துடியன்.

காவல் நாய்க்குப் பாய்வதைவிடப் படுப்பது கடினம். முனகிக்கொண்டே படுத்தன. வலச்சுனை பிழைத்தது. இடச்சுனை கடைசிவரை தெளியவே இல்லை.

நம் உடம்புக்குள்ளும் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இப்படியொரு காவல்படை உண்டு; கண்ணின் உட்புறத்தை அது பார்த்ததே இல்லை. ஒரு கண்ணில் ஆழமாகக் காயம் பட்டால், எப்போதாவது அந்தப் படை நல்ல கண்ணின் மீதும் பாய்ந்துவிடும். சொந்தக்காரரை அடையாளம் தெரியாத வீரம், பகைவனைவிடப் பொல்லாதது.