பெரியத்தான் முன்மொழிந்த போர்வெல்

ஊராட்சித் தலைவி செண்பகவல்லிதான். ஆனால் தலைவர் நாற்காலியில் தினமும் உட்கார்ந்தவர் வார்டு உறுப்பினர் இருளப்பன். அவள் புருஷனுக்கு அண்ணன். அவர் முன்னால் அவள் உட்காரக் கூடாது என்பது வீட்டு வழக்கம்.

"புது போர்வெல் என் தென்னந்தோப்புப் பக்கம் வரணும். கையெழுத்துப் போடும்மா," என்றார் ஒருநாள்.

"ஆகட்டும் பெரியத்தான்," என்றவள் ஊராட்சி அலுவலகக் கதவை அகலத் திறந்தாள். வாசலில் கீழத்தெருப் பெண்கள் தண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

"நாற்காலியில இருக்கிறவங்ககிட்டயே கேளுங்கக்கா. நான் நிக்கிறவதானே!"

குடங்கள் மேசையைச் சூழ்ந்தன. இருளப்பனுக்கு எழுந்து போகவும் வழியில்லை.

"அட, போர் உங்க தெருவுலதான் போடப்போறோம், போதுமா!" என்று கத்தினார்.

செண்பகவல்லி நின்றபடியே அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி நீட்டினாள். "முன்மொழிஞ்சவர் கையெழுத்து இங்க, பெரியத்தான்."

அத்தனை பேர் பார்க்க, போட்டுக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போங்க. உங்களுக்குன்னுதான் அயிரைமீன் குழம்பு வச்சிருக்கேன்," என்றாள் அவள்.