அதே மரம்

"உலகத்தில் ஒழுங்கான மெஷின் ஒன்றுகூட இல்லையம்மா," என்றார் பரஞ்சோதி.

குடையை இன்னும் மடக்கவில்லை. அதற்குள் புகார்.

மதுரம் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாணலியில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

"எந்த மெஷின் சார்?"

"விறகு பிளக்கிறது."

மதுரத்துக்கு வயது முப்பத்து மூன்று. பரஞ்சோதிக்கு அறுபத்தொன்று. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எந்தச் சிக்கலுக்கும் அவர் மிட்டாய் போட்டு விற்கும் இந்தப் பெண்ணிடம் வந்து, குரு என்று கும்பிடுவதைப் பார்த்து அந்த மலையூரே சிரித்தது. சிரிக்கட்டும். தன்னைவிடச் சின்னவளிடம் கற்றுக்கொள்வது அவமானம் என்றால், முக்கால்வாசி ஆண்கள் ஒன்றும் தெரியாமலே சாக வேண்டியதுதான்.

"உட்காருங்க. விவரமா சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். பதினொரு பத்திகள் போட்ட அட்டவணை. அழுத்தம், மோட்டார், கத்தியின் கோணம், சத்தம், எடை. எதையும் விடவில்லை.

"ஆனியில் வீட்டுக்குப் பின்னால் நின்ற தைலமரத்தை வெட்டினோம். ரெண்டு டிராக்டர் கட்டை. கொட்டகையில் அடுக்கினேன். கடைக்காரன் அஞ்சு டன் அழுத்தம் உள்ள மெஷினைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினான். ஒரே தள்ளு, ரெண்டாகப் போச்சு."

"வாங்கிட்டீங்களா?"

"எப்படி வாங்குறது? ஏழு டன்னைப் பார்க்காமல் அஞ்சு டன்னை வாங்கினால் அது முடிவா? அவசரம்."

"சரி."

"ஆவணியில் ஏழு டன் வந்தது. முக்கித் தக்கிப் பிளந்தது. புரட்டாசியில் ஒன்பது டன். பாதியிலே சிக்கி நின்னுடுச்சு! பெரிசாகப் பெரிசாக மோசம். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள்."

"எல்லாத்துக்கும் ஒரே மரமா?"

பரஞ்சோதி நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தார்.

"அதே மரம். அதே அடுக்கு. ஒப்பிடுவதென்றால் நியாயமாக ஒப்பிட வேண்டாமா?"

"வேணும்," என்றாள் மதுரம்.

வறுத்த கடலையைப் பாகில் கொட்டினாள். கிளறினாள். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிப் பரப்பினாள்.

"துண்டு போடணும் சார். அந்தத் தட்டில் மூணு கத்தி இருக்கு. நல்லதா ஒன்னு எடுங்க."

பரஞ்சோதிக்கு முகம் மலர்ந்தது. அவருக்குப் பிடித்த வேலை.

முதல் கத்தியை எடுத்து விரலில் கூர் பார்த்தார். இரண்டாவதைக் கையில் தூக்கி எடை பார்த்தார். மூன்றாவதன் பிடி ஆடுகிறது என்றார். மறுபடி முதல் கத்திக்கு வந்தார். பாகு ஒட்டாமலிருக்க அலகு மெலிதாக இருக்க வேண்டும், ஆனால் வளையவும் கூடாது, அதுதான் சிக்கல் என்று விளக்கினார். நன்றாகவே விளக்கினார்.

மதுரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே மழைக்காற்று வீசியது. மலைக்குளிர்.

கடைசியில் இரண்டாவது கத்தி என்று முடிவாயிற்று.

பரஞ்சோதி அதை மிட்டாய்த் தட்டின் நடுவே வைத்து அழுத்தினார்.

இறங்கவில்லை.

எழுந்து நின்று அழுத்தினார். கடலை மிட்டாய் 'டக்'கென்று கோணல்மாணலாக உடைந்து, ஒரு சில்லு அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

"இந்தக் கத்தி சரியில்லை. அதைக் கொடுங்கள்."

மதுரம் கொடுத்தாள்.

அதுவும் இறங்கவில்லை.

"இதுவும் மோசம்!"

"அதே பாகுதானே சார்?"

"அதே பாகுதான். ஊற்றும்போது நானே…"

பரஞ்சோதி நிறுத்தினார்.

கையிலிருந்த கத்தியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தார். ஆனி, ஆவணி, புரட்டாசி.

"காயக் காய இறுகுகிற மரமா அது?" என்றார் மெதுவாக.

"என்னைக் கேட்டா? கட்டை உங்க கொட்டகையில இருக்கு."

அதற்குப் பதிலை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனி மாதம், அஞ்சு டன் மெஷின் முற்றத்தில் நின்ற அன்று, மனைவி மரகதவல்லி சொன்னாள். 'இதுவே போதுங்க. இன்னைக்கே எல்லாத்தையும் பிளந்துடலாம். தைலமரம் பச்சையில பூ, காஞ்சா இரும்பு.' அதற்கு அவர், 'உனக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாது, பேசாமல் இரு' என்றார். கடைக்காரன் முன்னால்.

"ஒன்னு கேட்கட்டுமா?" என்றாள் மதுரம். "நாலு மாசமா உங்க வீட்டு அடுப்பு எரியுதா?"

"எரிகிறதே."

"வெந்நீர்?"

"தினமும்."

"யாரு பிளக்கிறது?"

"மரகதம்."

"எந்த மெஷின்ல?"

பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டார்.

"கோடாலியில்."

"கை எப்படி இருக்கு அவங்களுக்கு?"

"வலது தோளை மேலே தூக்க முடியவில்லை. போன வாரத்திலிருந்து தலைமுடியை முடிய வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து முடிந்துவிடுகிறாள்." சட்டென்று குரலை உயர்த்தினார். "அவளுக்காகத்தானே அம்மா இவ்வளவும்? மட்டமான ஒன்றை வாங்கி அவள் தலையில் கட்டக் கூடாது என்றுதானே…"

மதுரம் உடைந்த மிட்டாய்ச் சில்லுகளைக் காகிதத்தில் மடித்தாள். நோட்டின் மேல் வைத்தாள். நோட்டோடு அவர் கையில் கொடுத்தாள்.

பரஞ்சோதி குடையை எடுக்க மறந்து இறங்கி ஓடினார்.

வீட்டுக்குப் பின்னால் 'ணங்' என்று சத்தம். மரகதவல்லி இடது கையால் கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தாள். கட்டை பிளக்கவில்லை. கோடாலிதான் எகிறியது.

"கொடு," என்றார்.

"எதுக்கு? அட்டவணையில கோடாலியையும் சேர்க்கணுமா?"

வாங்கினார். ஓங்கி நடுவில் போட்டார். கோடாலி துள்ளி வந்து அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கை விண்ணென்று தெறித்தது. இந்தத் தெறிப்புக்கு அவர் அட்டவணையில் பத்தி இல்லை.

"நடுவுல போடாதீங்க," என்றாள் மரகதவல்லி. "ஓரத்துல இருந்து சீவிக்கிட்டே வரணும். உங்க ஒன்பது டன்னும் நடுவுல வெச்சுத்தான் மாட்டுச்சு."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"பேசாம இருன்னீங்களே."

மழை பெரிதாக விழத் தொடங்கியது. இருவரும் தாழ்வாரத்தில் ஒதுங்கியதும், அவர் நோட்டைத் திறந்து அங்கே எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்புக்குள் வைத்தார். பதினொரு பத்தியும் நன்றாகப் பற்றிக்கொண்டன.

"நீயே சொல்லு மரகதம். அஞ்சா, ஏழா, ஒன்பதா? எதை வாங்கட்டும்?"

மரகதவல்லி அவர் நீட்டிய மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்து ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள்.

"எதுவா இருந்தா என்ன? இன்னைக்கு வரணும்," என்றாள். "ரெண்டு கையாலயும் லீவரைப் பிடிச்சாத்தான் ஓடும்னு கடைக்காரர் சொன்னாரு. பிடிக்கப்போறது நீங்க."