இரண்டு பேக்கிங்

இருட்டியபின் கார் ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டப். ஜெசிந்தா இருபதுவரை எண்ணினாள். மறுபடி, டப்.

டார்ச்சோடு போய்ப் பார்த்தாள். பழைய காருக்கு அடியில், பிஸ்கட் டின் மூடியில், கறுப்பாய் எஞ்சின் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது.

கணவன் கப்பலில் வேலை. இரண்டு வயது மகனுக்கு அடிக்கடி மூச்சு இழுப்பு வரும். ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே, பதினெட்டு வளைவு தாண்டி. போன மாதம் அவனைக் கொண்டுபோகையில் பாதி வழியில் ஆயில் விளக்கு எரிந்து வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பால் வேன் வந்து ஏற்றிக்கொண்டது. வராமல் போயிருந்தால் என்ற நினைப்புக்குமேல் அவளால் போக முடியவில்லை.

மறுநாள் மைமூனின் பட்டறைக்குப் போனாள். மைமூன் மெக்கானிக். அவளைவிட நான்கு வயது இளையவள்.

"சரி பண்ணித் தர வேண்டாம். சொல்லிக் கொடுங்க மிஸ்."

"எட்டாங்கிளாஸோட நின்னவ நான். என்னைப் போய் மிஸ்ஸாம்!" மைமூன் சிரித்தாள். "சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன் அக்கா."

வந்தாள்.

"அடியில இருக்கிற போல்ட்டெல்லாம் ரெண்டு தடவை இறுக்கிட்டேன் மிஸ். இன்னும் இறுக்கவா?"

மைமூன் ஸ்பேனரை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்றை நீட்டினாள்.

"எஞ்சின் முழுக்கத் துடைங்க."

"துடைச்சா கசிவு நிக்குமா?"

"நிக்காது."

"பின்னே?"

"இப்போ எல்லா இடமும் கசியற மாதிரி இருக்கு."

துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகு பிள்ளையின் பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கி எஞ்சின் மேல் தூவினாள் மைமூன். வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தார்கள். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு. எஞ்சினின் உச்சியில், அதை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் பின்மூலையில் அது தொடங்கியது.

"மேலேயா? சொட்டுறது கீழேதானே மிஸ்?"

"கண்ணீர் தாடையிலேர்ந்துதான் சொட்டுது. அங்கேயா சுரக்குது?"

எஞ்சின் ஆறியதும் கவரைக் கழற்றினார்கள். கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ரப்பர் பேக்கிங் அப்பளமாய் நொறுங்கியது. இந்த ரக வண்டி அங்கேதான் கசியும் என்று ஊகித்துக் கொண்டுவந்திருந்த மைமூன், பையிலிருந்து புதிய பேக்கிங்கையும் ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்தாள்.

ஜெசிந்தா பொருத்தினாள். இறுக்கினாள். பதினெட்டு வளைவு. இன்னொரு சுற்று. பால் வேன். இன்னும் ஒரு சுற்று. விளிம்பில் ரப்பர் நாக்கு மாதிரி பிதுங்கிக் கிழிந்தது.

"பாழாக்கிட்டேனே மிஸ்!"

மைமூன் பையிலிருந்து இன்னொரு பேக்கிங் எடுத்தாள்.

"ரெண்டா வாங்கினீங்க? ஏன்?"

"முதல் தடவை மாட்டறது நீங்க இல்லை, உங்க பயம்தான். அதுக்குன்னு ஒண்ணு."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை முதலில் விரலாலேயே திருகினாள். பிறகு ஸ்பேனரால், எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக.

"எங்கே நிறுத்தணும்?"

"கையைக் கேளுங்க."

ஓரிடத்தில் கை நின்றது. மறுபடி துடைத்து, பவுடர் தூவி, வண்டியை ஓடவிட்டார்கள். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

"இனிமே கசியாதுன்னு சொல்லுங்க மிஸ்."

"கசியும். பழைய வண்டி. கசிஞ்சா என்ன செய்வீங்க?"

"துடைப்பேன். பவுடர் போடுவேன். மேலேர்ந்து பார்ப்பேன்."

மைமூன் தலையாட்டிவிட்டு வீட்டு வாசல் படியிறங்கினாள். ஜெசிந்தா கதவை வெறுமனே சாத்தப்போவதைப் பார்த்து நின்றாள்.

"தாழ் போடறதில்லையா அக்கா?"

"ஒரு மாசமா போடறதில்லை. ராத்திரி பிள்ளைக்கு இழுத்தா உடனே வெளியே ஓடணுமே. அதான் பயம்."

"தாழ்ப்பாள் உள்பக்கம்தானே இருக்கு? உங்க கைக்குப் பக்கத்துல."

ஜெசிந்தா தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டாள்.