அந்தப் பக்கம் ஆள் உண்டா?

அந்தத் தியான நிலையத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். முதல்முறை வருகிறவர்கள் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு மாசிலாமணியைக் கும்பிடுவார்கள். அவர் கூச்சத்தோடு நகர்ந்து உள்ளே கைகாட்டுவார். உள்ளே அமுதவல்லியம்மா பெரும்பாலும் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

தென்காசிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்தது அந்த இடம். ஒரு கூடம், ஒரு சமையலறை, தங்குவதற்குச் சில அறைகள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கொஞ்சம் பேர் வருவார்கள். கேள்வி கேட்பார்கள். அம்மா பதில் சொல்வார். இரண்டு வரிக்கு மேல் போகாது. சில கேள்விகளுக்குப் பதிலே இருக்காது.

மாசிலாமணி சென்னையில் ஒரு கம்பெனியின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மனைவி இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பினார். ஒரு நாள் இங்கே வந்து உட்கார்ந்தவர் பிறகு போகவில்லை.

"எனக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா" என்று கேட்டார்.

"என்ன தெரியும்?"

"கம்ப்யூட்டர் தெரியும்."

"இங்க கம்ப்யூட்டர் இல்லையே. தெரிஞ்சதை வெச்சு என்னமும் செய்யுங்க."

அவர் தன் மடிக்கணினியில் ஒரு வலைப்பூ தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றையும் அம்மாவின் பதிலையும் அதில் எழுதினார். மாசிலாமணி ஒழுங்கானவர். பதிவுகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடுவார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவை தானாக வெளியாகும்.

எழுதுவதைவிட அவருக்குப் பிடித்தது புள்ளிவிவரப் பக்கம். எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தப் பதிவைப் படித்தார்கள், எப்போது வந்தார்கள் என்று அது காட்டும். பல் துலக்கியதும் அதைத்தான் திறப்பார். பிறகு சமையலறைக்குப் போய் அன்றைய எண்ணிக்கையைச் சொல்வார்.

"அப்படியா" என்பார் அம்மா.

சித்திரை மாதத்தில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. முதலில் இரண்டு மடங்கு. பிறகு பத்து மடங்கு. பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பின்னூட்டங்கள் குவிந்தன. அருமையான பதிவு, மிகவும் பயனுள்ள தகவல் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். மாசிலாமணியின் நடையே மாறிவிட்டது.

"அம்மா, உலகம் பூரா நம்மளைப் படிக்காங்க."

"தமிழ்லயா?"

"மொழிபெயர்த்துப் படிப்பாங்க போல."

"அப்படியா."

வைகாசி பிறந்ததும் அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"வாசகர் சந்திப்பு ஒண்ணு வைப்போம்மா."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. ஆனா இவ்வளவு பேர் வாராங்களே."

அம்மா காய் நறுக்கியபடியே, "வெச்சுப் பாருங்க" என்றார்.

மாசிலாமணி வலைப்பூவின் முகப்பில் முகவரியோடு அறிவிப்பு போட்டார். வாசலில் பந்தல் போட்டார். இலஞ்சியிலிருந்து சமையற்காரரை வரவழைத்து அண்டா அண்டாவாகச் சமைக்கச் சொன்னார். பேருந்து நிறுத்தத்திலிருந்து வழிகாட்டி அட்டைகள் கட்டினார். மனைவி இறந்த பிறகு அவர் புதுச் சட்டை போட்டது அந்தச் சந்திப்பு நாளில்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடையநல்லூரில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பந்தலைப் பார்த்துக் கல்யாண வீடு என்று நினைத்து உள்ளே வந்தவர்.

அம்மா இருவருக்கும் தானே பரிமாறினார். கல்யாண வீடு என்று நினைத்தவருக்கு இரண்டாவது முறை பாயசம் ஊற்றினார். மீதி முழுவதும் பக்கத்திலிருந்த மாணவர் விடுதிக்குப் போயிற்று.

எல்லாரும் போன பிறகு மாசிலாமணி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் வரலயேம்மா."

"ரெண்டு பேர் வந்தாங்களே."

"அந்த ஆயிரக்கணக்கான பேர்?"

"அவங்க யாரு?"

மாசிலாமணி புதுச் சட்டையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்து தேடினார். வேலை பார்த்த காலத்தில் வேறொருவர் இதைக் கொண்டுவந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். போலந்துக்காரர்கள் யாரும் ஒரு நொடிகூட வலைப்பூவில் நிற்கவில்லை. வந்த வேகத்தில் போயிருந்தார்கள். அருமையான பதிவு என்ற ஒவ்வொரு பின்னூட்டத்தின் வாலிலும் ஒரு சுட்டி தொங்கியது. எடை குறைக்கும் மாத்திரை. லாட்டரி. விலை மலிந்த கைக்கடிகாரம். வலைத்தளம் வலைத்தளமாகத் தாவி விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போகும் எந்திரங்கள்.

மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எல்லாம் எந்திரம்மா. மனுஷங்களே கிடையாது. இதுக்கு என்ன செய்ய?"

"கேக்கீங்களா, கோவத்துல சொல்லுதீங்களா?"

"கோவந்தான்."

"அப்ப ஆறட்டும்."

அவர் ஆறவிடவில்லை. அன்றைக்கே எந்திரங்களைத் தடுக்கும் வடிகட்டி நிரல் ஒன்றை எழுதினார். சுட்டி இருந்தால் அழி. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் அழி. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்துக்கு வந்துகொண்டிருந்தால் உள்ளே விடாதே. ஸ்பேம் என்ற குப்பைப் பெட்டியில்கூடத் தங்காமல் நேராக அழிந்துபோகும்படி செய்தார். பெட்டியில் கிடந்தால் திறந்து பார்க்கத் தோன்றும். மறுபடி அவற்றின் முகத்தில் விழிக்க அவர் விரும்பவில்லை.

எண்ணிக்கை சரிந்தது. மலைபோல் இருந்த வரைபடம் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. மாசிலாமணி சமையலறைக்குப் போய் எண்ணிக்கை சொல்வதை நிறுத்தினார். அம்மாவும் கேட்கவில்லை. பதிவுகள் மட்டும் திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தன.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்தார். கும்பிடவில்லை. கையிலிருந்த போனை மாசிலாமணியின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இதை எழுதுதது யாரு?"

திரையில் அவருடைய வலைப்பூவின் பெயரும், அதன் கீழே 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்ற வரியும் இருந்தன.

"நான்தான்" என்றார் மாசிலாமணி.

அந்தப் பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆள்தானா?"

"என்ன கேக்கீங்க? புரியல."

"என் பேரு செண்பகவல்லி. கோவில்பட்டி. நான் என்ன தப்பு செஞ்சேன்? என்னத்துக்கு என்னை உள்ள விடல?"

கோவில்பட்டி என்றதும் மாசிலாமணிக்கு நினைவு வந்தது. தினமும் விடிகாலையில் கோவில்பட்டியிலிருந்து ஒரு வருகை. எப்போதும் ஒரே நேரம், ஒரே பழைய பதிவு. அதன் கீழே பெயரில்லாமல் எப்போதும் ஒரே பின்னூட்டம்: 'படித்தேன்.' வடிகட்டி எழுதும்போது, எந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அதைத்தான் அவர் மாதிரியாக எடுத்துக்கொண்டார்.

"'படித்தேன்'னு எழுதினது நீங்களா?"

"ஆமா."

"தினமும் அதே வார்த்தையா?"

"தினமும் அதைத்தான செஞ்சேன்."

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப் போட்டார். செண்பகவல்லி உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"எங்க வீட்டுக்காரரு எம் மகளை வண்டியில கூட்டிட்டுப் போனாரு. லாரி இடிச்சிட்டு. அவரு மட்டும் திரும்பி வந்தாரு. அன்னைக்கிலேர்ந்து நான் அவருகிட்டப் பேசல. ஒரே வீடுதான். யாரோ ஒருத்தர் இங்க வந்து கேட்டிருக்காங்க, கூடவே இருக்கிற ஆளை மன்னிக்க முடியலேன்னா என்ன செய்யணும்னு. அதுக்கு அம்மா பதில் சொன்னதா நீங்க போட்டிருந்தீங்க. 'முடியலேன்னா விடுங்க. இன்னைக்குச் சமையல் பண்ணுங்க.' அவ்வளவுதான் இருந்துச்சு."

"ஆமா" என்றார் மாசிலாமணி. அந்தப் பதிவை ஏற்றும்போது, இது ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று அவர் கவலைப்பட்டிருந்தார்.

"காலையில அதைப் படிச்சிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவேன். படிச்சேன்னு யார்கிட்டயாவது சொல்லணும் போல இருக்கும். வீட்ல யார்கிட்டச் சொல்ல? அதான் அங்க எழுதுவேன். ஒரு நாள் திறந்தா உள்ள விடல. மறுநாளும் விடல. நான் அடுப்பைப் பத்த வைக்கல. அவரு கடையில இட்லி வாங்கிட்டு வந்து வெச்சாரு. நான் தொடல. அப்புறம் அவரா என் போனை எடுத்துப் பாத்தாரு. 'நேர்ல போய்க் கேட்டுட்டு வருவோம்'னாரு."

மாசிலாமணி தாடியைத் தடவினார்.

"இங்க வாசகர் சந்திப்பு வெச்சோமே. அப்பவே வந்திருக்கலாமே?"

"பாத்தேன். அது விளம்பரம்னு நெனச்சேன்."

"விளம்பரமா?"

"தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை ஆறு மணின்னா டாண்ணு வருது. ஒரு நிமிஷம் முந்தல, பிந்தல. தினமும் எழுதுதேன், யாரும் ஒரு வார்த்தை பதில் போடல. பஸ்ல வரும்போது அவரும் அதான் சொன்னாரு, அந்தப் பக்கம் ஆளு கிடையாது, எந்திரமாத்தான் இருக்கும்னு."

"எந்திரம்னு நெனச்சிட்டா எழுதினீங்க?"

"எந்திரமா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்னு எழுதினேன்."

மாசிலாமணிக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வந்துவிட்டார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"கூட வந்தவரு எங்க?" என்று செண்பகவல்லியிடம் கேட்டார்.

"கேட்டுக்கு வெளிய நிக்காரு. உள்ள வர மாட்டேன்னுட்டாரு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் என்ன பேசினார் என்பது கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஒல்லியான ஒரு மனிதர் தலையைக் குனிந்தபடி கூடவே வந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. கொஞ்சம் சோறும் கீரைக் கூட்டும் மோரும்தான் மீதி. அம்மா இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துத் தட்டு வைத்தார். செண்பகவல்லி சாப்பிட்டார். பாதியில், கணவரின் தட்டில் சோறு மட்டும் வெறுமனே கிடப்பதைப் பார்த்தார். அவர் பக்கம் திரும்பாமலே மோர்ப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தார்.

அந்த மனிதர் மோரை எடுத்து ஊற்றிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

போகும்போது செண்பகவல்லி அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. மாசிலாமணியிடம் மட்டும், "இனி விடுமா?" என்று கேட்டார்.

"விடும்மா. நீங்க சாப்பிடும்போதே தடையை எடுத்துட்டேன். இப்பவே திறந்து பாருங்க."

அவர் போனைத் திறந்து பார்த்தார். பக்கம் வந்தது. தலையசைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். கணவர் பின்னால் நடந்தார்.

மாசிலாமணி வடிகட்டியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். சந்தேகமானவை எல்லாம் இப்போது பெட்டியில் தங்கும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அழிக்க வேண்டும். முதல் நாள் மாத்திரையும் லாட்டரியுமாகப் பெட்டி நிரம்பிவிட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாமே குப்பைதான். அழித்தார்.

அன்று மாலை அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினார்.

"இருந்தாலும் அம்மா..."

"சொல்லுங்க."

"அந்த அம்மாவை உள்ள விடாதது தப்புதான். நான் இல்லைன்னு சொல்லல."

"ம்."

"ஆனா அத்தனை எந்திரத்துக்கு நடுவுல ஒரே ஒரு ஆளு. பேரு போடல. ஒத்தை வார்த்தை. அதை வெச்சுக்கிட்டு அவங்களை நான் எப்படிக் கண்டுபிடிச்சிருக்க முடியும்?"

அம்மா கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்து அவரிடம் கொடுத்தார்.

"எந்திரம்னு நெனச்சும் அவங்க உங்களைக் கண்டுபிடிச்சிட்டாங்களே. எப்படின்னு கேட்டீங்களா?"