அரக்கு முத்திரை

"எல்லா வீட்டு வாசலிலும் தண்ணீர்ப் பானை இருந்தது, தாயே. இருந்தும் தெரு எரிந்துவிட்டது."

ஓடத்திலிருந்து இறங்கியதும் வரி அதிகாரி சேந்தன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். இரண்டு முறை குளித்துவிட்டு வந்திருந்தார். உடம்பை விட்டுப் புகை வாசம் போகவில்லை.

தத்தை குடிசை வாசலில் கோரைப்பாய் முடைந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது இளையவள். அவருக்குக் குரு.

ஆற்றின்மேல் பனி இறங்கியிருந்தது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் வந்த ஓடம் வெள்ளையில் தொங்குவதுபோல் இருந்தது.

"யார் வைத்த பானை?"

"அவரவர் வாங்கி வைத்தது. கூரை வீட்டுக்காரர் வாசலில் பானை நிறையத் தண்ணீர் வைத்திருந்தால் வீட்டு வரியில் பாதி தள்ளுபடி. சட்டம் நான் எழுதியது. ஒரே மாதத்தில் பானை இல்லாத வீடே இல்லை."

"கெட்டிக்காரர்."

"கேலி வேண்டாம். கண் தெரியாத கிழவர் ஒருவர் உள்ளேயே எரிந்து போய்விட்டார்."

அவள் விரல்கள் நின்றன.

"பானையில் தண்ணீர் இருந்ததா?"

"கழுத்துவரை. வாயைத் துணியால் கட்டி நானே அரக்கு முத்திரை வைத்தேன். முத்திரை உடைந்தால் தள்ளுபடி கிடையாது. இல்லையென்றால் அந்தத் தண்ணீரில் உலை வைத்துவிடுவார்கள். சனங்களைப் பற்றித்தான் தெரியுமே."

"தீ பிடித்ததும் என்ன செய்தார்கள்?"

சேந்தன் பனியைப் பார்த்தார்.

"நட்ட நடுப்பகல். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். தெரு எரிந்து அடங்கியபின் போய்ப் பார்த்தேன். வயல் வரப்பில் வரிசையாக நாற்பது பானைகள். ஒன்றின் முத்திரையில்கூடக் கீறல் இல்லை."

"பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்."

"ஆமாம், தாயே. முட்டாள்கள்."

மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தார். வடக்கூருக்கும் அதே சட்டம். இன்று மாலை அவர் ஒப்பமிட்டால் நாளை அங்கே பறை அறைவார்கள்.

"அங்கே முந்நூறு கூரைகள். நான் எங்கே தவறினேன் என்று சொல்லுங்கள். அது தெரியாமல் ஒப்பமிட மாட்டேன்."

"அந்தப் பானைகளில் ஒன்று கிடைக்குமா?"

"ஓடத்தில் இருக்கிறது. உங்களிடம் காட்டத்தான் கொண்டுவந்தேன்."

"ஊரில் வைப்பதுபோல் இங்கே வையுங்கள்."

அவர் பானையைத் தூக்கி வந்து குடிசை வாசலில் வைத்தார். தத்தை உள்ளே போனாள். அடுப்பிலிருந்து எரியும் சுள்ளி ஒன்றோடு வெளியே வந்தாள். அதைக் கூரை விளிம்பில், இறவாணத்தில் செருகினாள்.

பனியில் நனைந்த கூரை முதலில் புகைந்தது. புகையும் பனியும் ஒன்றாயின. அதற்குள் எங்கோ ஒரு மஞ்சள் பூ விரிந்தது. பிறகு ஒரு கொத்து.

"தாயே! என்ன காரியம் இது!"

அவள் வாசலில் உட்கார்ந்து பாயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சேந்தன் ஆற்றுக்கு ஓடினார். மேல்துண்டை நனைத்து வந்து கூரையில் அடித்தார். தீ ஒரு முழம் நகர்ந்தது. மறுபடி ஓடினார். மறுபடி அடித்தார். மூன்றாம் முறை திரும்பும்போது கால் பானையில் இடறியது.

பானை சாய்ந்தது.

துண்டைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் பானையைத் தாங்கிப் பிடித்தார். மெல்ல நிமிர்த்தினார். குனிந்து, பெருவிரலால் அரக்கைத் தடவிப் பார்த்தார்.

தலைக்குமேல் மூங்கில் ஒன்று வெடித்தது.

"முத்திரைக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றாள் தத்தை.